முருங்கையில் கம்பளிப்பூச்சி: என் அனுபவம்

மழை விட்ட சில வாரங்களில் எங்கள் முருங்கையின் பாதிக் கிளைகள் மொட்டையாகிவிட்டன. இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் பகலில் ஒரு புழுகூடத் தென்படவில்லை. அடிமரத்தில் கை வைக்கப் போனபோதுதான் கண்ணில் பட்டது. பட்டையோடு பட்டையாக, உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு நிறத்தில் கம்பளிப்பூச்சிக் கூட்டம்! முடி மட்டும் காற்றில் லேசாக அசைந்தது.

யூப்டரோட் மொலிஃபெரா என்ற அந்துப்பூச்சியின் புழு இது. இரவில் இலையைத் தின்னும், பட்டையையும் சுரண்டும். பகலில் அடிமரத்தில் ஒன்றாக ஒட்டிக்கிடக்கும். அந்தப் பழக்கம்தான் நமக்கு வசதி. மரம் முழுக்க மருந்தடிக்க வேண்டியதில்லை.

முழுக்கைச் சட்டை, கையுறை இரண்டும் கட்டாயம். முடி தோலில் பட்டால் அரிப்பு தாங்காது. பழைய துடைப்பத்தால் கூட்டத்தை அப்படியே சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளினேன். தீப்பந்தம் காட்டிக் கருக்குவதும் உண்டு. எனக்கு மனசு வரவில்லை, பட்டையும் சேர்ந்து வெந்துபோகுமே!

ஐந்து நாள் விடாமல் தேடினேன். முட்டைக் குவியல் இருந்த இணுக்குகளைக் கிள்ளி எடுத்தேன். அப்புறம் மரத்தடி மண்ணைக் கொத்திப் புரட்டினேன், கூட்டுப்புழு மண்ணுக்குள்தான் இருக்கும். மூன்றாவது வாரம் மொட்டைக் கிளையில் தளிர் விட்டது.