சுருக்கத்துக்கு மாத்திரை வாங்கும் முன்: பழைய வண்ணாரப்பேட்டை மருந்துக் கடையிலிருந்து

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். எம்.சி. ரோட்டில் கல்யாணப் புடவை எடுத்துவிட்டு வரும் அம்மாக்கள், காசிமேட்டில் வியாபாரம் முடித்துவிட்டு வரும் அக்காக்கள், துறைமுகத்துக்கு கண்டெய்னர் ஓட்டும் அண்ணன்கள், எல்லோரும் இப்போது கேட்பது ஒன்றுதான். "மூஞ்சி சுருங்காம இருக்க ஏதோ ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரையாமே, அத்த குடும்மா." கூடவே போனில் ஒரு டப்பாவின் படம். கவுண்டரில் கூட்டம் இருக்கும்போது இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடிவதில்லை. அங்கே சொல்ல நினைப்பதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

மாத்திரையைக் கடைசியில் வையுங்கள். முதலில் வெயில்.

காரணம் இதுதான். தோலுக்கு அடியில் கொலாஜன் என்ற நார் இருக்கிறது. கயிற்றுக் கட்டிலில் கயிறு தொய்ந்தால் படுக்கை குழிவதைப் போல, இந்த நார் அறுந்தால் மேல்தோல் மடிகிறது. வெயிலின் புறஊதாக் கதிர் பட்டதும் தோலில் ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற நிலையற்ற மூலக்கூறுகள் உண்டாகின்றன. அவை கொலாஜனை வெட்டும் என்சைம்களைத் தூண்டிவிடுகின்றன. ஆன்டி ஆக்சிடன்ட் அந்த ஃப்ரீ ராடிக்கலை அடக்கும். மாத்திரை விற்பவர்கள் இந்தக் கடைசி வரியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் விழுங்கியதெல்லாம் முகத்துக்குப் போய்ச் சேராது. வைட்டமின் சி-யையே எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 200 முதல் 400 மி.கி. வரை போனாலே ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய நிரம்பிவிடும். அதற்கு மேல் போவதில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியே போகும்.

இதை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நம்பூர் என்று ஓர் ஊர். அங்கே 1992 முதல் 1996 வரை, 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரைப் பிரித்து, சிலரைத் தினமும் சன்ஸ்கிரீன் போடச் சொன்னார்கள், மற்றவர்களை அவரவர் விருப்பத்துக்கு விட்டார்கள். இன்னொரு பக்கம் சிலருக்குத் தினம் 30 மி.கி. பீட்டா கரோட்டின், சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. புறங்கையில் சிலிக்கோன் அச்சு எடுத்து, தோலின் கோடுகள் எவ்வளவு ஆழமாகியிருக்கின்றன என்று பார்த்தார்கள். 2013-ல் முடிவு வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் போட்டவர்களுக்கு நாலரை ஆண்டில் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு. பீட்டா கரோட்டின் மாத்திரையால் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை.

அமெரிக்காவில் 28 வருஷம் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். ஜன்னல் ஓரமாக இருந்த இடது கன்னம் ஆழமான வரிகளோடு தடித்துத் தொங்கும்; வலது கன்னம் பல வருஷம் இளையவருடையது போல இருக்கும். புறஊதா ஏ கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வருவதுதான் காரணம். நம் ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசையில் நிற்கும் லாரிகளில் ஓட்டுநர்களின் வலது கையைப் பாருங்கள், முழங்கைக்குக் கீழே. இடது கையோடு ஒப்பிட்டால் நிறமே வேறாக இருக்கும். லாரி ஓட்டும் அண்ணன்களிடம் முழுக்கைச் சட்டை போடச் சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிப்பேன்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது எஸ்.பி.எஃப். (வெயில் சுடுவதிலிருந்து காக்கும் அளவு) 30 அல்லது அதற்கு மேல், பி.ஏ. (புறஊதா ஏ கதிரிலிருந்து காக்கும் அளவு) என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று பிளஸ் இருக்கிறதா பாருங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிழிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். பெரும்பாலானவர்கள் பட்டாணி அளவு எடுத்துத் தேய்க்கிறார்கள்; அதில் டப்பாவில் போட்டிருக்கும் பாதுகாப்பு கிடைக்காது. காது, பின்கழுத்து, புறங்கை விட்டுப்போகக் கூடாது. வெளியில் நின்று வேலை பார்ப்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். மீன் கூடையோடு உட்காரும் அக்காக்களுக்கு வியர்வையில் கரையாத வகை வேண்டும், தலைக்கு மேல் குடையும் வேண்டும். நம் நிறத்துக்குச் சுருக்கத்தை விட மங்குதான் முதலில் வரும். மங்கு இருப்பவர்கள் லேசாக நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் கேளுங்கள். அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும், முகத்தில் வெள்ளை பூத்தாற்போலும் இருக்காது.

இதெல்லாம் செய்தும் மாத்திரை வேண்டும் என்றால், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வைட்டமின் சி கொலாஜன் உருவாக அவசியம், அதில் சந்தேகமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2020-ல் சொன்ன தினசரி அளவு பெண்களுக்கு 65 மி.கி., ஆண்களுக்கு 80 மி.கி. ஒரு நடுத்தர கொய்யாப்பழம் இதைத் தாண்டிவிடும். சீசனில் தள்ளுவண்டியில் மிளகாய்த்தூள் தூவிக் கொடுக்கும் அதே கொய்யாதான். பழமே சாப்பிடாதவர்கள் 500 மி.கி. சப்பும் மாத்திரை ஒன்று எடுத்தால் போதும், தினமும்கூடத் தேவையில்லை. சப்பியதும் வாய் கொப்பளியுங்கள், அமிலம் பல்லை அரிக்கும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் இதைத் தொடர்ந்து எடுக்க வேண்டாம். ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு இதில் ஒரு நல்ல பலன் உண்டு: கூடவே வைட்டமின் சி இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

வைட்டமின் ஈ 400 என்ற கேப்ஸ்யூலைத்தான் அதிகம் கேட்கிறார்கள். பாதிப் பேர் அதை விழுங்குவதில்லை. ஊசியால் குத்தி எண்ணெயைப் பிதுக்கி ராத்திரி முகத்தில் தடவுகிறார்கள். தயவு செய்து வேண்டாம். தழும்பில் வைட்டமின் ஈ தடவிப் பார்த்த சிறிய ஆய்வு ஒன்று 1999-ல் வந்தது. அதில் மூன்றில் ஒருவருக்குத் தோல் அரிப்பும் தடிப்பும் வந்தது, தழும்பும் குறையவில்லை. விழுங்குவதிலும் கவனம் வேண்டும். இதயத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இது ரத்தக் கசிவைக் கூட்டலாம். பல் பிடுங்கப் போகிறவர்களும் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்களும் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வில், தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011-ல் வந்தது. அழகுக்காக வருஷக்கணக்கில் விழுங்கும் பொருள் அல்ல அது.

அடுத்தது பீட்டா கரோட்டின். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டாதீர்கள். பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பாளர்களிடம் நடந்த ஆய்வு 1994-ல் வெளியானது. தினம் 20 மி.கி. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். "ஆன்டி ஆக்சிடன்ட் கேப்ஸ்யூல்" என்று விற்கும் பலவற்றில் இது இருக்கிறது, எழுத்து பொடியாக இருக்கும். புகைபிடிப்பதே முகத்தைச் சீக்கிரம் சுருக்கும். அதோடு இந்த மாத்திரையும் சேரக் கூடாது. கேரட், முருங்கைக்கீரையில் இருப்பதற்கு இந்தப் பயம் வேண்டாம், தாராளமாகச் சாப்பிடலாம்.

செலினியம் என்ற தாதுச்சத்தின் விஷயம் வேறு மாதிரி. கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் ஒரு அக்கா ஒருநாள் பையைத் திறந்து மூன்று டப்பாவைக் கவுண்டரில் வைத்தார். ஒன்று மல்ட்டி வைட்டமின், ஒன்று முடிக்கு, ஒன்று முகத்துக்கு. திருப்பித் திருப்பிக் காட்டினேன். "மூணுலயும் செலினியம் இருக்குக்கா, மூணுலயும் ஜிங்க் இருக்கு." "அய்ய, ஒண்ணையேதான் மூணு வாட்டி துட்டு குட்து வாங்கினேனா?" அதேதான். செலினியம் நாளுக்கு 400 மைக்ரோகிராமைத் தொடர்ந்து தாண்டினால் முடி கொட்டும், நகம் உடையும். முடி கொட்டுகிறதே என்று இன்னொரு டப்பா வாங்குவார்கள். வீட்டிலிருக்கும் எல்லா டப்பாவையும் ஒரே இடத்தில் வைத்து, ஒரே பெயர் எத்தனை டப்பாவில் வருகிறது, மொத்தம் எவ்வளவு என்று ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள்.

நிறம் வெளுக்கும் என்று விற்கும் குளுடாதயோன் மாத்திரையால் சுருக்கம் போகும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. ஊசியாகவோ டிரிப்பாகவோ பார்லரில் ஏற்றிக்கொள்வதை யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கொலாஜன் பவுடர் ஆன்டி ஆக்சிடன்டே அல்ல. தோலில் ஈரப்பதம் கொஞ்சம் கூடியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பணம் கொடுத்தது விற்கும் கம்பெனிகள். மீன், மாடு இவற்றின் தோலிலிருந்து எடுப்பது என்பதால் சைவக்காரர்களும் மீன் ஒவ்வாதவர்களும் டப்பாவைப் பார்த்து வாங்குங்கள்.

அந்தக் காசுக்குத் தக்காளி வாங்கலாம் என்பேன். ஜெர்மனியில் தினம் 40 கிராம் தக்காளி விழுதை எண்ணெயோடு 10 வாரம் சாப்பிட்டவர்களுக்கு, புறஊதாக் கதிர் பட்டதும் தோல் சிவப்பது குறைந்தது. அதிலுள்ள லைகோபீன் என்ற சிவப்பு நிறமி, வேகவைத்து எண்ணெயோடு சேரும்போதுதான் உடம்பில் நன்றாக ஏறும். நம் தக்காளித் தொக்கு அப்படித்தானே செய்கிறோம்? உப்பை மட்டும் குறையுங்கள்.

ஆன்டி ஆக்சிடன்ட் முகத்துக்கு நேராகப் போய்ச் சேர வேண்டும் என்றால், விழுங்குவதை விடப் பூசுவது மேல். வைட்டமின் சி சீரம் 10 முதல் 20 சதவீதம் வரை உள்ளதாகப் பாருங்கள். காலையில் முகம் கழுவியதும் சில துளி, அதற்கு மேல் சன்ஸ்கிரீன். நம் ஊர் சூட்டில் அது சீக்கிரம் கெடும். சின்ன பாட்டிலாக வாங்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். டீ நிறத்துக்கு மாறிவிட்டால் தூக்கிப் போடுங்கள். ராத்திரிக்கு ட்ரெடினாயின் கிரீம். சுருக்கத்துக்கு நெடுநாளாக நிரூபணம் உள்ள மருந்து இது, ஆனால் டாக்டர் சீட்டு வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி தோல் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டலாம், பணம் கட்ட வேண்டியதில்லை. எழுதிக் கொடுத்தால் பட்டாணி அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆரம்பியுங்கள். முதல் சில வாரம் தோல் உரியும். கர்ப்பமாக இருப்பவர்களும், குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் தொடக் கூடாது.

மங்குக்கு என்று பக்கத்து வீட்டில் சொன்ன கிரீமை வாங்கிப் பூசுகிறவர்களும் நிறைய. அதில் ஸ்டீராய்டு இருந்தால் முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும், மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்த நாளம் தெரியும். பெயரில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு, உள்ளிருக்கும் பொருட்களின் பட்டியலைக் கடையில் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கடைக்கு வரும்போது இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டையையும் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். சுகர், பிரஷர், தைராய்டு எதுவானாலும். உணவுச் சத்துப் பொருளாக விற்கும் டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க எண், காலாவதித் தேதி, ஒரு மாத்திரையில் எத்தனை மி.கி. என்ற மூன்றும் இருக்க வேண்டும். எத்தனை மி.கி. என்று போடாமல் வெறும் "கலவை" என்று எழுதியிருந்தால் அதை வாங்க வேண்டாம். பில் கேட்டு வாங்குங்கள். ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு வந்தால் பேட்ச் எண்ணை வைத்துத்தான் எதையும் தேட முடியும்.