இடைவெளிக்குப் பிறகு மீண்டும் வார்டுக்கு: சிஸ்டர்கள் எங்கிருந்து தொடங்குவது?

கல்யாணம், பிள்ளைப்பேறு, வளைகுடா வேலை, படுக்கையில் விழுந்த மாமியார் என்று ஏதோ ஒரு காரணத்தால் வார்டை விட்டு நின்ற சிஸ்டர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறைய பேர். திரும்பி வரத் தயங்க வேண்டாம். ஆனால் விண்ணப்பம் எழுதும் முன் சில வேலைகள் உண்டு.

முதலில் நர்ஸ் பதிவு. பதிவுச் சான்றிதழின் காலாவதித் தேதியைப் பாருங்கள், முடிந்திருந்தால் புதுப்பியுங்கள். கேரளத்திலோ கர்நாடகத்திலோ படித்து அங்கேயே பதிந்தவர்கள் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலிலும் பதிய வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும், அதனால் இன்றே தொடங்குங்கள்.

அது நடக்கும்போதே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 3 டோஸும் போட்டாயிற்றா என்று பார்த்துவிடுங்கள். இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி மூச்சு கொடுக்கும் சிபிஆர் பயிற்சிக்கும் போய் வாருங்கள்: 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம்.

அடுத்து கணக்கு. இதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். 500 மி.லி. சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், டிரிப் செட்டில் 1 மி.லி.க்கு 20 சொட்டு என்றால், 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுங்கள்: நிமிடத்துக்கு சுமார் 42 சொட்டு. நோட்டில் தினமும் போட்டுப் பழகுங்கள்.

இன்சுலினில் கூடுதல் கவனம். இங்கே 1 மி.லி.யில் 40 யூனிட் உள்ள வயலும் (மருந்துக் குப்பி) உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட்! சர்க்கரை சரிந்து நோயாளி மயங்கிவிடுவார். வெளிநாட்டில் 100 மட்டுமே கையாண்டு வந்த சிஸ்டர்கள், வயலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து எண்ணை வாசித்த பிறகே மருந்தை இழுங்கள்.

2016 மருத்துவக் கழிவு விதிகளுக்கு முன் வேலையை விட்டவர்கள் கழிவுப் பைகளின் நிறங்களையும் புதிதாகப் படிக்க வேண்டும். ஊசி, குத்தினால் துளைபடாத வெள்ளை டப்பாவில். ஊசி நீக்கிய சிரிஞ்சு சிவப்புப் பையில். ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சளில்.

இனி வேலை தேடலாம். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் போன்ற அரசுப் பணிக்கு எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) அறிவிப்பைக் கவனியுங்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம், நெய்யூர் பக்கத்து தனியார் ஆஸ்பத்திரிகளில் நேரிலேயே விசாரிக்கலாம். இன்டர்வியூவில், எத்தனை வருஷ இடைவெளி என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தொடக்கத்தில் ஐசியூ வேண்டாம், ஜெனரல் வார்டில் ஒரு சீனியர் சிஸ்டரோடு சேர்த்து டியூட்டி போடுங்கள் என்று கேளுங்கள். தனியாக நைட் டியூட்டி என்றால், இப்போதைக்கு முடியாது என்று தைரியமாகச் சொல்லலாம். அது நோயாளியின் பாதுகாப்புக்காகக் கேட்பது.

முதல் நாள் டியூட்டிக்குப் போனதும் எமர்ஜென்சி டிராலியின் ஒவ்வொரு டிராயரையும் திறந்து, அட்ரினலின் எங்கே, மூச்சு கொடுக்கும் அம்பு பேக் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.