கம்பிதம் பழகிய கைக்கு வைப்ராட்டோ

ஒன்பது வயதில் வயலின் எடுத்தேன். அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகள் கர்நாடக இசை மட்டும்தான். முப்பத்தொன்றாம் வயதில், ஒரு தேவாலயப் பாடகர் குழுவுக்குத் துணையாகக் கிறிஸ்துமஸ் பாடல்கள் வாசிக்க அழைத்தார்கள். முதல் ஒத்திகையிலேயே நடத்துநர் கையைத் தூக்கி நிறுத்தினார். “அம்மா, நீங்கள் பிடிக்கும் ஸ்வரம் மேலே மேலே ஏறுகிறது” என்றார். வைப்ராட்டோ என்பது நீண்ட ஸ்வரத்தை லேசாக அசைத்து வாசிக்கும் மேற்கத்திய முறை. அப்படி நினைத்து நான் கொடுத்தது கம்பிதம், அதாவது ஸ்வரத்தை ஆட்டி வாசிக்கும் நம் கர்நாடக கமகம். அதைப் பிரித்தறிய எனக்கு ஓராண்டு பிடித்தது. என்னைப் போன்ற கையோடு வருபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தோடி ராகத்தின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே ஆடும். அந்த ஆட்டத்தை எடுத்துவிட்டால் தோடியே இல்லை. வைப்ராட்டோவின் கதை வேறு. அதை நிறுத்தினாலும் மெட்டு அப்படியே இருக்கும். ஒலியின் நிறம் மட்டும் மாறும். அசைவும் மிகச் சிறியது, அரை ஸ்வரத்துக்கும் குறைவு. வேகம் நொடிக்குச் சுமார் ஆறு முறை. பெரும்பாலான ஆசிரியர்கள் சொல்லும் விதி: சரியான ஸ்வரத்திலிருந்து சற்றே கீழே இறங்கித் திரும்பி வர வேண்டும், அதற்கு மேலே ஏறக் கூடாது. காது உச்சியைத்தான் ஸ்வரமாக எடுத்துக்கொள்கிறது என்பார்கள். என் விரல் மேல்பக்கம் போய்க்கொண்டிருந்ததால்தான் நடத்துநருக்கு அப்படிக் கேட்டது.

கை, மணிக்கட்டு, விரல் என்று மூன்று வகை சொல்வார்கள். முழங்கையிலிருந்து முன்கை முழுவதும் ஆடினால் அகலமான, கனத்த ஒலி வரும். தடித்த ஜி தந்திக்கு நன்றாகப் பொருந்தும். விரல் மூட்டு மட்டும் அசைவது குறுகலாகவும் வேகமாகவும் இருக்கும். நான் மணிக்கட்டில் தொடங்கச் சொல்வேன். கர்நாடகக் கைக்கு முன்கையை இழுத்து ஜாரு (ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது) போடும் பழக்கம் ஏற்கெனவே ஊறியிருக்கிறது. கை வைப்ராட்டோவில் தொடங்கினால் அந்தப் பழக்கம் உள்ளே புகுந்து, விரல் நுனி இடம் பெயர்ந்துவிடும். மணிக்கட்டு வழியில் நுனி ஒரே இடத்தில் ஊன்றியிருக்க, அதன்மேல் கை சாய்ந்து நிமிர்கிறது. அது வசப்பட்ட பிறகு மற்ற இரண்டும் தாமாகவே கலந்து வரும்.

முதலில் வில்லைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். கட்டைவிரல் கழுத்தை இறுக்கிப் பிடித்தால் எதுவும் அசையாது. நமக்கு இங்கே ஒரு வசதி உண்டு. தரையில் உட்கார்ந்து, வயலின் முனையிலுள்ள சுருள் தலையை வலது பாதத்தில் வைக்கும்போது அதன் பாரத்தை இடது கை தாங்குவதில்லை. முதல் இரண்டு வாரம் அப்படியே உட்கார்ந்து பழகலாம். பிறகு எழுந்து நின்று, சுவரில் மடித்த துண்டை வைத்து, சுருள் தலையை அதில் முட்டக் கொடுங்கள். பாதம் செய்த வேலையைச் சுவர் செய்யும்.

இப்போது கையை மூன்றாம் பொசிஷனுக்கு, அதாவது கழுத்தில் வயலினின் உடலை ஒட்டிய இடத்துக்குக் கொண்டுபோய், மணிக்கட்டு வயலினின் உடலைத் தொடும்படி வையுங்கள். டி தந்தியில் இரண்டாம் விரலை (நடுவிரலை) ஊன்றுங்கள். கதவைத் தட்டுவதுபோல் கையைச் சுருள் தலைப் பக்கம் சாய்த்து, பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். நகத்தை அடுத்த மூட்டைக் கூர்ந்து பாருங்கள்: கை சாயும்போது அது நிமிர வேண்டும், திரும்பும்போது வளைய வேண்டும். அந்த மூட்டு கல்லாக நின்றால் தந்தியை அழுத்திக் கொல்கிறீர்கள் என்று பொருள். தந்தி பலகையைத் தொட எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ அவ்வளவு போதும். அசைவு தந்தியின் நீளவாக்கில்தான் இருக்க வேண்டும். வீணையில்போல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுருதி ஏறும், இறங்காது.

தட்டு எண்ணித் தரும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வையுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு சாய்வு. ஒரு வாரம் கழித்து இரண்டு, பிறகு மூன்று, நான்கு. ஆறு வரும்போது உண்மையான வைப்ராட்டோவின் வேகத்தைத் தொட்டிருப்பீர்கள். எனக்கு மூன்றிலிருந்து நான்குக்குப் போக மட்டும் ஐந்து வாரம் ஆனது; அவசரப்பட்டால் கை இறுகி நடுக்கம்தான் வரும். ஆட்டத்தை எண்ணிப் பழகுவது புதிய வழியும் அல்ல. 1756-இல் வெளியான தன் வயலின் பயிற்சி நூலில் இசையமைப்பாளர் மோட்சார்ட்டின் தந்தை லியோபோல்ட் மோட்சார்ட், மெதுவானது, படிப்படியாகக் கூடுவது, வேகமானது என்று பிரித்தே பயிற்சி கொடுத்திருக்கிறார். எல்லா ஸ்வரத்திலும் நடுங்குபவர்களை அதே நூலில் கண்டிக்கவும் செய்கிறார். அவர் சொன்னது எனக்கு முழுச் சம்மதம். நீண்டு நிற்கும் ஸ்வரத்துக்குக் கொடுங்கள். ஓடிப் போகும் ஸ்வரத்தை விட்டுவிடுங்கள்.

வில்லைச் சேர்த்ததும் வலது கையும் கூடவே ஆடும். எல்லோருக்கும் நடப்பதுதான். நான்கு தட்டு வெறும் ஸ்வரம், அடுத்த நான்கு தட்டு வைப்ராட்டோ, மறுபடி வெறும் ஸ்வரம் என்று ஒரே வில்லில் இழுங்கள். கண்ணை வில்லின்மேல் வைத்திருங்கள்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். முன்கையில் வலி எடுத்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள். இரண்டாம், மூன்றாம் விரல்கள் முதலில் படியும். ஆள்காட்டி விரல் முரண்டு பிடிக்கும். அதன் அடிப்பகுதி கழுத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம். ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுப் பாருங்கள். சுண்டு விரலைத் தனியாகப் போராட விடாமல், மூன்றாம் விரலையும் பக்கத்தில் ஊன்றி இரண்டையும் சேர்த்தே ஆட்டுங்கள்.