கறிக்கோழிக் கொட்டகையில் விளக்கை எப்போது அணைக்க வேண்டும்?

விடிய விடிய விளக்கு எரிந்தால் கோழி விடிய விடியத் தின்னும், தின்றால் எடை கூடும் என்ற கணக்கில்தான் பல பண்ணைகளில் இன்றும் இரவு முழுவதும் விளக்கு எரிகிறது. முதல் வாரத்துக்கு அந்தக் கணக்கு சரி. அதற்குப் பிறகு அது பண்ணையாளருக்கு இழப்பையே தருகிறது.

குஞ்சு கொட்டகையில் இறங்கிய நாளிலிருந்து 7 நாட்களுக்கு 23 மணி நேர வெளிச்சம் தேவை. தீவனத் தட்டும் தண்ணீரும் தெளிவாகத் தெரியும்படி 30 முதல் 40 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) வரை ஒளி இருக்கட்டும். மீதி 1 மணி நேரம் முதல் இரவிலிருந்தே இருட்டாக இருக்க வேண்டும். இருட்டே அறியாத குஞ்சுகள், மின்சாரம் போன மறுநொடியே மிரண்டு மூலையில் குவிந்து, அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் சாகும். முதல் நாள் இரவில் சில குஞ்சுகளின் கழுத்தடியில் தீனிப்பையை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கூழ் போல மெத்தென்று உருண்டிருந்தால் நல்லது. கெட்டியாக இருந்தால் தீவனம் தின்ற குஞ்சு தண்ணீரைக் கண்டுபிடிக்கவில்லை என்று பொருள்.

ஏழாம் நாள் எடை, இறங்கிய அன்றைய எடையைப் போல 4 மடங்கு ஆகியிருந்தால், அதாவது 40 கிராம் குஞ்சு 160 கிராமைத் தொட்டிருந்தால், தொடர்ச்சியாக 4 மணி நேர இருட்டைத் தொடங்கலாம். எட்டவில்லையென்றால் இரண்டு மூன்று நாட்கள் பொறுப்பது நல்லது. இருட்டில்தான் மெலடோனின் என்ற உறக்க ஹார்மோன் போதிய அளவு சுரக்கிறது, கோழியும் அசையாமல் உறங்குகிறது. இளம் வயதில் எடை சற்று நிதானமாக ஏறுவதால் காலெலும்பும் இதயமும் உடலின் பாரத்துக்கு ஈடுகொடுக்கின்றன. கால் முடங்குவதும் திடீர்ச் சாவும் குறைகின்றன. கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் 14, 17, 20, 23 மணி நேர வெளிச்சங்களை ஒப்பிட்டபோது, 20 மணி நேரத்தில் வளர்ந்தவையே 23 மணி நேரத்தில் வளர்ந்தவற்றைவிடக் கூடுதல் எடை பெற்றன. இருட்டு கூடக் கூட இறப்பும் குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007ஆம் ஆண்டு நெறிமுறையோ நாளுக்கு 6 மணி நேர இருட்டையும், அதில் 4 மணி நேரமாவது இடைவிடாமல் இருப்பதையும் கட்டாயமாக்கியது.

அணைக்கும் நேரத்தை ஒருபோதும் மாற்றாதீர்கள். இருட்டை நீட்டவோ குறைக்கவோ விளக்கைப் போடும் நேரத்தை மட்டும் நகர்த்துங்கள். அணையும் நேரம் நிலையாக இருந்தால், கோழி அதைச் சில நாட்களில் பழகிக்கொண்டு, அதற்கு முன்பே தீனிப்பையை நிரப்பிக்கொள்ளும். இதற்காகவே டைமர் வாங்குவது வீண்செலவல்ல. ஆள் கையால் போடும் விளக்கு ஒருநாள் முன்னும் ஒருநாள் பின்னுமாகத்தான் எரியும்.

நம் ஊர்த் திறந்த கொட்டகைகளில் சுமார் 12 மணி நேரப் பகலொளி தானாகவே கிடைத்துவிடுவதால், நம் கையில் இருப்பது இரவு மட்டுமே. கோடையில் இந்த இரவு மிக முக்கியம். பகல் வெக்கையில் மூச்சிரைத்துக் கிடக்கும் கோழி பின்னிரவுக் குளிர்ச்சியில்தான் வயிறாரத் தின்னும். ஆகவே இருட்டை இரவு 8 மணிக்கே தொடங்கி நள்ளிரவில் முடித்து, விடியும் வரை வெளிச்சம் கொடுங்கள். விளக்கு போட்டதும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் தீவனத்துக்குப் பாயும். அப்போது தட்டுகள் காலியாக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முதுகுத்தோல் கீறிப்போகும் என்பதால், அணைப்பதற்கு முன்பே தட்டுகளை நிரப்பி வையுங்கள். கோழிகளை விற்பனைக்குப் பிடிப்பதற்கு முந்தைய 3 நாட்களில் மட்டும் இருட்டைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளலாம்.