இறுக்கமான மதக் குழுவிலிருந்து வெளியே வருவது: நான் செய்த வரிசையும் செய்திருக்க வேண்டிய வரிசையும்

நம்பிக்கை போய் இரண்டு வருடம் கழித்துத்தான் நான் குழுவை விட்டு வந்தேன். அந்த இரண்டு வருடமும் வாரத்துக்கு மூன்று கூட்டம் தவறாமல் போனேன். கண்ணை மூடினேன், பாடினேன், புதிதாக வந்தவர்களுக்குப் பாடம்கூட எடுத்தேன். தலைக்குள் முடிந்துபோனது கால்களுக்குத் தெரியவில்லை.

பிறந்ததிலிருந்து 32 வயது வரை அங்கே இருந்தவள் நான். இப்போது என்னிடம் வந்து கேட்பவர்கள் பெரும்பாலும் "நம்பிக்கையை எப்படி விடுவது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அது தானாகப் போய்விடும். ஆனால் உங்கள் வாரம், வீடு, ராத்திரிப் பயம், சரி எது தப்பு எது என்று முடிவெடுக்கும் பழக்கம், இதெல்லாம் தானாக மாறாது. ஒவ்வொன்றையும் கையால் எடுத்துச் சரிசெய்ய வேண்டும்.

வாயைத் திறப்பதற்கு முன்

ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. முதலில் நீங்கள் எங்கே வாழ்கிறீர்கள் என்று பாருங்கள். 1948 டிசம்பர் 10 அன்று ஏற்கப்பட்ட மனித உரிமைகளுக்கான உலகளாவிய அறிவிப்பின் 18ஆம் பிரிவு, மதத்தையோ நம்பிக்கையையோ மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது. எந்த மதத்தையும் பின்பற்றாமல் இருப்பதும் அந்த உரிமைக்குள் அடங்கும் என்று ஐநாவின் மனித உரிமைக் குழு 1993இல் விளக்கமும் தந்தது. அந்தப் பிரிவை ஒரு துண்டுத் தாளில் எழுதி நான் பணப்பைக்குள் வைத்திருந்தேன். அதைத் தொட்டால் கொஞ்சம் தைரியம் வரும். ஆனாலும் இன்றைக்கும் சில நாடுகளில் மதத்தைக் கைவிடுவது குற்றம். மரண தண்டனை வரை சட்டத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர் யாரிடமும் எதையும் அறிவிக்க வேண்டியதில்லை. வீட்டாரின் கையால் ஆபத்து வரலாம் என்று தோன்றினாலும் அதேதான். மௌனமாக இருப்பதில் எந்த நேர்மைக் குறைவும் இல்லை.

அடுத்தது காகிதங்கள். பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ்கள், கடவுச்சீட்டு எல்லாம் உங்கள் கைக்கு வர வேண்டும். என்னுடையவை அப்பாவின் பீரோவில் இருந்தன. ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லி வாங்கி வைத்தேன். உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும், மூன்று மாதச் செலவுக்காவது அதில் பணம் வேண்டும். முதலாளி, வீட்டுக்காரர், குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் என்று எல்லாருமே குழுக்காரர்களாக இருந்தால், ஒரே நாளில் எல்லாம் கைவிட்டுப் போகும். ஒவ்வொன்றாக வெளியே மாற்றுங்கள். நான் வேலையை மாற்றவே பதினொரு மாதம் ஆனது.

கைப்பேசியையும் மறக்க வேண்டாம். குடும்பத்தோடு பகிர்ந்த கணக்கு, இருப்பிடத்தைக் காட்டும் வசதி, தங்கைக்குத் தெரிந்த கடவுச்சொல், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

அப்புறம், குழுவுக்கு வெளியே ஒரே ஒரு மனிதர். இது மிக முக்கியம். எனக்குக் கிடைத்தவர் பழைய பள்ளித் தோழி. "என்றைக்காவது ராத்திரி பதினொரு மணிக்கு வந்து கதவைத் தட்டினால் திறப்பாயா?" என்று மட்டும்தான் அவளிடம் கேட்டேன். காரணம் கேட்காமலே சரி என்றாள்.

பதினெட்டு வயதுகூட ஆகாமல் பெற்றோரை நம்பி இருப்பவர்களுக்கு என் யோசனை வேறு. நன்றாகப் படியுங்கள், பொறுத்திருங்கள், உங்கள் கேள்விகளை யார் கண்ணிலும் படாத இடத்தில் வையுங்கள். ஆனால் யாராவது அடித்தாலோ, தகாத முறையில் தொட்டாலோ, பொறுத்திருக்க வேண்டாம். உங்கள் நாட்டின் குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

சந்தேகத்தை அதன் போக்கில் விடுங்கள்

எங்கள் குழுவில் உலக முடிவுக்கு ஒரு தேதி சொல்லப்பட்டிருந்தது. அது வந்து போனது. "தேதி தவறில்லை, நாம் புரிந்துகொண்டதுதான் தவறு" என்றார்கள். நான் நம்பினேன். பல வருடம் கழித்து ஒரு நூலகத்தில் வில்லியம் மில்லர் என்ற அமெரிக்கப் பிரசங்கியைப் பற்றிப் படித்தேன். 1844 அக்டோபர் 22 அன்று இயேசு திரும்பி வருவார் என்று அவரைப் பின்பற்றிய ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். அந்த நாள் சாதாரணமாகக் கழிந்தது. பலர் அழுதுகொண்டே விலகினார்கள். வேறு சிலர் தேதி சரிதான், நடந்தது விண்ணுலகில் என்று விளக்கம் சொல்லித் தொடர்ந்தார்கள். அதை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. எங்கள் மூத்தவர்கள் சொன்ன அதே விளக்கம், நாங்கள் பிறப்பதற்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். இடப்பக்கம் என் கேள்வி, வலப்பக்கம் அவர்கள் தந்த பதில், வார்த்தை மாறாமல். நாற்பது பக்கம் போனதும் ஒன்று தெரிந்தது: முக்கால்வாசிப் பதில்கள் பதிலே இல்லை. "காலம் வரும்போது தெளியும்", "உன் அறிவின் மேல் சாயாதே", "இது உன் அகந்தை பேசுகிறது". கேள்வியை அதே இடத்தில் நிறுத்திவிடும் வாக்கியங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன் 1961லேயே இதற்கு ஒரு பெயர் தந்திருக்கிறார், சிந்தனையை முடித்துவைக்கும் தேய்ந்த வாசகங்கள் என்று. நீங்களும் எழுதிப் பாருங்கள். நீங்கள் எழுதி முடித்த பிறகும் குழுவின் மேல் மதிப்பு இருந்தால், அங்கேயே இருங்கள். அது உங்கள் உரிமை. நோட்டைப் பத்திரமான இடத்தில் வையுங்கள்.

கடிதம்

நான் செய்த பெரிய தவறு இதில்தான். பதினொரு பக்கம் எழுதினேன். ஒவ்வொரு போதனைக்கும் மறுப்பு, ஒவ்வொரு காயத்துக்கும் கணக்கு. அதில் ஒரு பத்தியை மட்டும் எடுத்து, கசப்பால் மனம் கெட்டவள் என்று காட்ட அதையே பயன்படுத்தினார்கள். மீதிப் பத்துப் பக்கத்தை யாரும் படிக்கவில்லை.

முதலில், கடிதம் தேவையா என்று யோசியுங்கள். சில குழுக்களில் முறைப்படி விலகினால் உறவினர்கள் பேச்சை நிறுத்த வேண்டும் என்பது விதி. கூட்டத்துக்குப் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பொறுப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு ஓசையில்லாமல் விலகியவர்கள் சிலர் இன்றும் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஆனால் அது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று வருடக்கணக்கில் நிற்பது. என்னால் முடியவில்லை. உங்களால் முடியுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

எழுதுவதென்றால் இவ்வளவு போதும்: "இன்றிலிருந்து நான் இந்தக் குழுவின் உறுப்பினர் இல்லை. நன்றாக யோசித்தே இந்த முடிவை எடுத்திருக்கிறேன். இது பற்றிப் பேச யாரும் வீட்டுக்கு வர வேண்டாம். என்னைப் பற்றிய பதிவுகளை நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்." தேதி, கையெழுத்து. ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதிகள், மத நம்பிக்கை பற்றிய தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு தருகின்றன. அங்கே இருப்பவர்கள் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம். கேட்டதெல்லாம் அழிக்கப்படும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மூத்தவர்கள் விசாரணைக்கு அழைத்தால் போக வேண்டிய கட்டாயம் இல்லை. நான் போனேன். மூன்று பேர், ஒரு மேசை, இரண்டரை மணி நேரம். என் திருமண வாழ்க்கை பற்றியெல்லாம் கேட்டார்கள். "நான் கிளம்புகிறேன்" என்று எழுந்து வந்திருக்கலாம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

அம்மா

அம்மா கடைசியாக என்னோடு பேசியது தொலைபேசியில். "நீ இல்லாத சொர்க்கத்தில் நான் என்னடி பண்ணுவேன்?" என்றார். அதன் பிறகு எடுக்கவில்லை. அந்தக் கேள்வியில் இருந்தது அன்பு என்று புரியவே எனக்கு ஒரு வருடம் ஆனது. அவர் என்னைத் தண்டிக்கவில்லை. நான் நெருப்பில் வேகப்போகிறேன் என்று உண்மையாகவே நம்பும் ஒரு தாய் வேறு எப்படி நடந்துகொள்வார்?

அதனால் சொல்கிறேன், வீட்டாரையும் வெளியே இழுத்துவிட வேண்டும் என்று வாதம் செய்யாதீர்கள். நான் தங்கைக்கு அனுப்பிய கட்டுரைகள் எல்லாம் அவளை இன்னும் உள்ளே தள்ளின. இப்போது மாதம் ஒரு செய்தி அனுப்புகிறேன், மதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல். "இன்றைக்கு மழை. உன் பழைய குடை இன்னும் என்னிடம் இருக்கிறது." பதில் வருவதில்லை, ஆனால் நீலக் குறி விழுகிறது. கதவு என் பக்கத்தில் திறந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தால் போதும்.

ராத்திரிகள்

நரகம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இடி இடித்தால் வியர்த்துக்கொட்டும். நம்பிக்கை போன பிறகும் உடம்பில் பயம் தங்கும், அது இயல்புதான். உளவியலாளர் மார்லீன் வினெல் 2011இல் இந்த அவதிக்கு மத அதிர்ச்சிக் கூட்டறிகுறி என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். மருத்துவர்களின் அதிகாரபூர்வ நோய்ப் பட்டியலில் அது இல்லை. ஆனால் பெயர் ஒன்று இருக்கிறது, நான் மட்டும் இல்லை என்று அறிந்ததே எனக்குப் பாதி மருந்து.

பயம் வந்தால் நான் செய்வது: எழுந்து உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் தரையில் வைப்பேன். இந்தப் பயத்தை எனக்கு முதலில் சொன்னது யார், அப்போது எனக்கு என்ன வயது என்று கேட்டுக்கொள்வேன். பதில் எப்போதும் ஒன்றுதான்: ஆறு வயது, படம் போட்ட ஒரு புத்தகம். பிறகு மணி பார்த்துக் குறித்து வைப்பேன். முதல் மாதம் பத்தொன்பது ராத்திரி, ஆறாம் மாதம் நான்கு. குறைகிறது என்பதைத் தாளில் பார்ப்பது பெரிய ஆறுதல்.

மனநல ஆலோசகரிடம் போவதென்றால் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: "நான் மதத்தை விட்டவள், என்னைத் திரும்பச் சேர்க்க முயல்வீர்களா?" பதில் இழுபறியாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். உயிரை விடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் தாமதிக்கக் கூடாது. அன்றைக்கே ஒரு மருத்துவரிடமோ உதவி எண்ணிலோ பேசுங்கள்.

காலியான வாரம்

குழுவுக்காக நான் செலவிட்ட நேரத்தை ஒருமுறை கூட்டினேன். வாரத்துக்கு 17 மணி நேரம். வெளியே வந்ததும் அந்த 17 மணி நேரமும் திறந்த பள்ளம் போல இருந்தது. பலர் இந்தப் பள்ளத்தில் விழுந்துதான் திரும்பிப் போகிறார்கள், அல்லது அதே இறுக்கம் உள்ள வேறொரு கூட்டத்தில் போய்ச் சேர்கிறார்கள். நாத்திகம் பேசும் கூட்டமாக இருந்தாலும், தலைவரைக் கேள்வி கேட்க முடியாதென்றால் அதுவும் அதே வீடுதான்.

எனக்கு மிகவும் வலித்தது பாட்டு. நூறு பேர் சேர்ந்து பாடும்போது மார்புக்குள் ஒன்று விரியுமே, அதற்கு ஏங்கினேன். அதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்ளுங்கள். நான் ஒரு சேர்ந்திசைக் குழுவில் சேர்ந்தேன். இன்னொரு மாலை, பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்கிறேன். விலங்கியல் பாடத்தில் உயிர்களின் பரிணாமத்தை முதல்முறை முழுதாகப் படித்தது அந்த ஒலிப்பதிவு அறையில்தான். நடுவில் இரண்டு முறை நிறுத்தி அழுதேன்.

மனிதநேயம், நடைமுறையில்

விட்டுவந்தது மட்டுமே அடையாளமாக இருந்தால் வாழ்க்கை முழுவதும் "முன்னாள்" என்ற ஒரு சொல்லில் நின்றுவிடும். அதற்கு அப்பால் தேடியபோதுதான் சமயச்சார்பற்ற மனிதநேயம் என்ற, கடவுளைச் சாராமல் நல்வாழ்வு தேடும் சிந்தனை கண்ணில் பட்டது. 1952இல் பல நாட்டு மனிதநேய அமைப்புகள் ஆம்ஸ்டர்டாமில் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டன. 2002இல் அதைத் திருத்தினார்கள், 2022இல் கிளாஸ்கோவில் மறுபடி எழுதினார்கள். ஒவ்வொரு மனிதருக்கும் மதிப்பு உண்டு, அறிவையும் பரிவையும் கொண்டு நல்லது எது என்று தேடலாம், எந்த முடிவும் திருத்தத்துக்கு உட்பட்டது என்பதுதான் அதன் சாரம். தன் நூலைத் தானே திருத்திக்கொள்ளும் ஒரு கூட்டத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

சடங்குகளும் இருக்கின்றன. நார்வேயில் 1951 முதல் பதின்வயதினர் பெரியவர்களாவதைக் கொண்டாடும், மதம் சாராத விழா நடக்கிறது. ஸ்காட்லாந்தில் 2005 முதல் மனிதநேய முறைத் திருமணம் சட்டப்படி செல்லும். என் தாத்தா இறந்தபோது "மறுபடி சந்திப்போம்" என்று சொல்லிக்கொள்ள என்னால் முடியவில்லை. அவர் எனக்குக் கற்றுத்தந்தவற்றை வரிசையாக எழுதினேன். முடிச்சுப் போடுவது, விதை தேர்வது, கோபத்தில் கடிதம் எழுதாமல் இருப்பது. அந்தத் தாளை மடித்து அவர் கையில் வைத்தேன்.

சரி தப்பு என்பதுதான் மெதுவாக வந்தது. முன்பெல்லாம் மூத்தவரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் பதில். இப்போது நான் முதலில் கேட்பது, இதனால் யாருக்கு வலிக்கிறது என்று. அந்தக் கேள்வியோடு பழைய நாட்களைத் திரும்பிப் பார்த்தபோது ஒரு முகம் நின்றது. குழு ஒதுக்கி வைத்த ஒரு அக்கா. சிறு வயதில் எனக்குத் தலை வாரிவிட்டவர். அவர் எதிரே வந்தபோது நான் தெருவைக் கடந்து மறுபக்கம் போனேன், ஒரு தடவை இல்லை, பல வருடம்.

விலகி ஏழு மாதம் ஆனபோது அவர் வீட்டைத் தேடிப் போனேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் எதுவும் பேசவில்லை. "மன்னிப்புக் கேட்க வந்தேன் அக்கா, உங்களைப் பார்த்து ஒதுங்கிப் போனதற்கு" என்றேன். ஒத்திகை பார்த்துவைத்த மற்ற எதுவும் வாயில் வரவில்லை.

"எத்தனை மாசம் ஆச்சு?" என்று கேட்டார்.

"ஏழு."

"அப்போ ராத்திரிப் பயம் இன்னும் போயிருக்காதே" என்று சொல்லி, வழிவிட்டு நகர்ந்து நின்றார்.