நியூயார்க்கில் தெருவுக்கு மேலே தூண்களில் ஓடி, பிறகு இடிக்கப்பட்ட உயர்மட்ட ரயிலின் நிலையத்தைத் தேடிக் கண்டுபிடிக்க

பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். மன்ஹாட்டனில் 2, 3, 6, 9வது அவென்யூ ரயில் பாதைகள் நான்கிலும் '14வது தெரு' என்று ஆளுக்கொரு நிலையம் இருந்தது. பாதையையும் குறுக்குத் தெருவையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு பொறி: 2வது அவென்யூ பாதை, 23வது தெருவுக்குத் தெற்கே முதலாம் அவென்யூமேல் ஓடியது. அங்குள்ள நிலையங்களை 2வது அவென்யூவில் தேடினால் ஒன்றும் அகப்படாது.

அடுத்தது, ரயில் நின்ற நாள். 6வது அவென்யூவில் 1938 டிசம்பர் 4. 3வது அவென்யூவில், மன்ஹாட்டன் பகுதி மட்டும், 1955 மே 12. நகரின் வடபகுதியான பிராங்க்ஸில் அதே பாதை 1973 வரை ஓடியது. 9வது அவென்யூ 1940 ஜூனில் மூடப்பட்டாலும், 155வது தெரு நிலையம் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்துக்கான குறும்பாதைக்காக 1958 வரை பிழைத்திருந்தது. ஆகவே பாதை மூடிய நாளை நிலையத்தின்மேல் அப்படியே ஏற்றிவிடக் கூடாது.

இந்தத் தேதிகள் படத் தேடலிலும் கைகொடுக்கும். நகர ஆவணக் காப்பகத்தின் வரிப் படங்கள் (சொத்து வரி மதிப்பீட்டுக்கான புகைப்படங்கள்) 1939 முதல் 1941 வரை கட்டடம் கட்டடமாக எடுக்கப்பட்டவை, இணையத்திலேயே பார்க்கலாம். 6வது அவென்யூ தூண்களை 1939-லேயே பிரித்துவிட்டதால் அங்கே வெறும் தெருவே தெரியும். 3வது அவென்யூவிலோ நிலையம் முழுசாக நிற்கும்.

படத்தில் உள்ள சிறு பலகையில் பிளாக் (தெருக்களுக்கு நடுவிலுள்ள மனைத் தொகுதி) எண்ணும் லாட் (அதிலுள்ள தனி மனை) எண்ணும் இருக்கும். மனைகளை இணைத்துக் கட்டும்போது லாட் எண் மாறிவிடும். அதனால் பிளாக் எண்ணைப் பிடித்துக்கொண்டு, சந்திப்பின் நான்கு மூலைக் கட்டடங்களையும் பாருங்கள். படிக்கட்டு பெரும்பாலும் மூலையில்தான் இறங்கும்.

தேதியில்லாத பழைய படமா? நீராவி எஞ்சின் இழுத்தால் 1903-க்குப் பிந்தியதல்ல. அதற்குள் மின்மயம் முடிந்துவிட்டது. நடுவில் விரைவு ரயிலுக்கான மூன்றாம் தண்டவாளப் பாதையையும் கவனியுங்கள். நகரமும் ரயில் நிறுவனங்களும் செய்துகொண்ட 1913 ஒப்பந்தங்களுக்குப் பிறகு 2, 3, 9வது அவென்யூ பாதைகளில் அந்த வேலை நடந்தபோது சில நிலையங்களுக்கு மேல்தளமே முளைத்தது. முந்தைய வரைபடத்தோடு பிந்தைய படத்தை ஒப்பிட்டுக் குழம்புவது இங்கேதான்.

சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களில் இளஞ்சிவப்பு நிறம் செங்கல் கட்டடத்தையும், மஞ்சள் நிறம் மரக் கட்டடத்தையும் குறிக்கும். திருத்தங்களைத் துண்டுத் தாளாக வெட்டி மேலே ஒட்டுவார்கள். எனவே முகப்பில் அச்சான ஆண்டு, உள்ளே காணும் தெருவின் ஆண்டாக இல்லாமலும் போகலாம்.

நாளிதழ்களில் நிலையப் பெயரோடு நிறுவனப் பெயரையும் போட்டுத் தேடுங்கள்: 1879 முதல் 'மன்ஹாட்டன் ரயில்வே', 1903 முதல் 'இன்டர்பரோ'. 1940-க்குப் பின் பாதை நகரத்தின் கைக்கு வந்துவிட்டது.