போர் மோட்டார் கன்டென்சரை மீட்டரில் சரியாக அளப்பது எப்படி?

கோடையில் சேலம் பக்கம் போர் மோட்டார் 'உம்'மென்று முனகிவிட்டு ட்ரிப் ஆனால் முதல் சந்தேகம் கன்டென்சர் (கெபாசிட்டர், மோட்டார் கிளம்பி ஓட உதவும் பாகம்) மேல்தான் விழும். சந்தேகத்தைத் தீர்க்க கன்டென்சரின் கொள்ளளவைக் காட்டும் ஒரு கையடக்க கெபாசிட்டன்ஸ் மீட்டர் போதும். அளவு தாறுமாறாக வந்தால் மீட்டரைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் கோளாறு அளக்கும் விதத்தில்தான்.

1. சார்ஜை இறக்குங்கள்

மெயினை அணைத்து ஃப்யூஸையும் கழற்றிவிடுங்கள். அதன் பிறகும் கன்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். ஸ்க்ரூடிரைவரால் 'டப்'பென்று ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். முனை கருகும், உள் இணைப்பும் கெடும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கிளிப்புகளால் இரு முனைகளிலும் 10 விநாடி பிடியுங்கள். பிறகு மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள்: 1 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். மிச்ச சார்ஜோடு மாட்டினால் கெபாசிட்டன்ஸ் மீட்டர் அங்கேயே காலி.

2. வயர்களைக் கழற்றுங்கள்

கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பேனலிலேயே வைத்து அளந்தால் மோட்டாரின் கம்பிச் சுருளும் (காயில்) சேர்ந்து கணக்கில் வரும். முனைகளுக்கு நடுவே ரெசிஸ்டர் பற்றவைத்திருந்தால் அதன் ஒரு காலையும் எடுத்துவிடுங்கள்.

3. ஜீரோ

எதையும் தொடாமல், மிகச் சிறிய ரேஞ்சில் ஜீரோ குமிழைத் திருப்புங்கள். 36 மைக்ரோஃபாரட் (கொள்ளளவின் அலகு) கன்டென்சருக்கு இது பெரிய விஷயமில்லை. பிகோஃபாரட் என்பது அதைவிட மிகச் சிறிய அலகு: 22 பிகோஃபாரட் செராமிக் கன்டென்சருக்கு லீட் வயரின் சில பிகோவே அளவைக் கெடுத்துவிடும். கால்களை மீட்டர் துளையிலேயே நேராகச் செருகுங்கள், விரல் படக் கூடாது.

4. ரேஞ்ச்

கன்டென்சரில் அச்சிட்ட அளவுக்கு அடுத்த பெரிய ரேஞ்சே சரி. சீலிங் ஃபேனின் 2.5 மைக்ரோஃபாரட் கன்டென்சரை எடுத்துக்கொள்ளுங்கள். டாலரன்ஸ் (அனுமதித்த ஏற்ற இறக்கம்) ±5% என்றால் குறைந்தபட்ச அளவு 2.375. இதை 200 ரேஞ்சில் வைத்தால் திரையில் 2.4 என்று வரும். உண்மை அளவு 2.35-ஆகவும் இருக்கலாம், 2.45-ஆகவும் இருக்கலாம். தேறுமா தேறாதா என்றே சொல்ல முடியாது. 20 ரேஞ்சில் 2.36 என்று வந்தால் விஷயம் முடிந்தது, தேறாது. இடது ஓரத்தில் வெறும் '1' நின்றால் ரேஞ்ச் போதவில்லை. எல்லா ரேஞ்சிலும் அப்படியே நின்றால் பெரும்பாலும் உள்ளே ஷார்ட்.

5. ஒப்பிடுங்கள்

36 மைக்ரோஃபாரட், ±5% ரன் கன்டென்சர் (மோட்டார் ஓடும்போதெல்லாம் இணைப்பில் இருப்பது) 34.2 முதல் 37.8 வரை காட்டலாம். ஸ்டார்ட் கன்டென்சரில் (கிளம்பும்போது மட்டும் வேலை செய்வது) 120–150 என்று வரம்பே அச்சிட்டிருக்கும். அதைத் தாண்டிக் கூடுதலாகக் காட்டினால் "நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு" என்று நினைக்க வேண்டாம். உள்ளே கசிவு இருந்தாலும் அளவு ஏறும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் முனைகளில் படியும் ஈரமும் தூசியும் இதே வேலையைச் செய்யும்: உலர்ந்த துணியால் துடைத்து, காயவிட்டு மறுபடி அளங்கள். மோட்டார் ஓடிய சூட்டோடும் அளக்க வேண்டாம்.

மீட்டர் சோதிப்பது சில வோல்ட்டில்தான். லோடில் மட்டும் படுத்துவிடும் கன்டென்சர் இங்கே ஒழுங்காகவே காட்டும். உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்தாலோ அளவைப் பார்க்காமலே மாற்றுங்கள். மைக்ரோஃபாரட் அதேதான், வோல்ட்டேஜ் பழையதில் அச்சிட்டதற்குக் குறையக் கூடாது. புதிது போட்டும் முனகினால், மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் பேனலில் வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள்.